கொன்றது கதிரா, கிலியா?

ஜப்பான் அணு உலை விபத்தில் வதந்தி ஆடிய ஆட்டம்

2011-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி. பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு செய்தி செல்போனுக்குச் செல்போன் தாவிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் அணு உலையிலிருந்து கதிர் கசிகிறது. அது இன்று மாலை 4 மணிக்குப் பிலிப்பைன்சைத் தாக்கும். மழை வந்தால் 24 மணி நேரம் வெளியே தலை காட்ட வேண்டாம். கதவு, ஜன்னல்களை அடையுங்கள். கழுத்தில் பெட்டாடின் மருந்தைத் தடவிக்கொள்ளுங்கள்!

இதுதான் செய்தி. தலைப்பில் "பி.பி.சி." என்று பிரபல லண்டன் ரேடியோவின் பெயர் வேறு இருந்தது.

பி.பி.சி. அப்படி ஒரு செய்தியை வெளியிடவே இல்லை. பிலிப்பைன்ஸ் அரசாங்கத்தின் விஞ்ஞான இலாகா "இது புரளி" என்று அறிவித்தது. ஆனால் புரளி முந்திக்கொண்டது. மணிலா நகரில் ஒரு பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தி, மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

விபத்து நடந்த ஊர் புகுஷிமா. அங்கிருந்து மணிலா 3,000 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது!

நடந்தது என்ன?

மார்ச் 11-ந் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு ஜப்பானின் கிழக்குக் கரையில் பெரும் பூகம்பம். கடல் பொங்கியது. ஏறக்குறைய 18 ஆயிரம் பேரை ராட்சத அலை வாரிக்கொண்டு போயிற்று.

புகுஷிமா அணு மின்சார நிலையத்திலும் அலை புகுந்தது. அலையின் உயரம் சுமார் 15 மீட்டர். நாலு மாடிக் கட்டிடம் அளவு! மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் உலையின் சூடு தணியாது. மூன்று உலைகள் உள்ளுக்குள்ளேயே உருகின. ஹைட்ரஜன் வாயு சேர்ந்து கட்டிடங்கள் வெடித்தன. அது அணுகுண்டு வெடிப்பு அல்ல. ஆனால் டெலிவிஷனில் புகையைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஹிரோஷிமாவைப் பார்த்த நாடு அது.

உலையைச் சுற்றி முதலில் 3 கிலோ மீட்டர், பிறகு 10, பிறகு 20 என்று மக்களை வெளியேறச் சொன்னார்கள். எல்லாம் ஒரே நாள் இடைவெளியில்! அமெரிக்காவோ, அங்கிருந்த தன் நாட்டாரை 80 கிலோ மீட்டர் தள்ளிப் போகச் சொன்னது. "20-ஆ, 80-ஆ? யார் சொல்வது நிஜம்?" என்று ஜனங்கள் கலங்கினார்கள்.

பாதி உண்மை

கழுத்தில் மருந்து தடவும் யோசனை எங்கிருந்து வந்தது? அதில் ஒரு துளி உண்மை உண்டு.

தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நாம் சாப்பிடும் உணவிலுள்ள அயோடினை அது உறிஞ்சிக்கொள்ளும். உலையிலிருந்து கதிர் வீசும் அயோடின் வெளியே வரும். சுரப்பிக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்ற பேதம் தெரியாது. இரண்டையும் உறிஞ்சிவிடும். ஆகவே ஆபத்தான இடத்தில் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் முன்கூட்டியே அயோடின் மாத்திரை கொடுப்பார்கள். சுரப்பி நிறைந்துவிட்டால் கெட்ட அயோடினுக்கு இடம் இராது.

இது மாத்திரையின் கதை. கழுத்தின் மேல் மருந்தைப் பூசினால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

சீனாவில் இதே பாதி உண்மை உப்புக் கடைக்குப் போயிற்று. உப்பில் அயோடின் இருக்கிறதல்லவா? அந்த மார்ச்சில் ஜனங்கள் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கினார்கள். விலை ஏறியது. கடைகள் காலியாயின. ஒரு மாத்திரையில் உள்ள அயோடின் கிடைக்க வேண்டுமானால் கிலோ கணக்கில் உப்பைத் தின்ன வேண்டும். கதிர் வருவதற்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும்! இதோடு நின்றதா? 2023-ல் புகுஷிமாவின் சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விடத் தொடங்கியபோது, 12 வருஷம் கழித்து, சீனாவில் மறுபடியும் உப்புக்கு முண்டியடித்தார்கள்.

படித்தவர்களும் தப்பவில்லை. பசிபிக் சமுத்திரம் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்தது போல ஒரு படம் உலகம் சுற்றியது. "கதிர் பரவும் வழி" என்றார்கள். உண்மையில் அது அமெரிக்காவின் கடல் ஆராய்ச்சி இலாகா வரைந்த படம். பூகம்பத்தன்று கடல் அலை எங்கே எவ்வளவு உயரம் எழும்பியது என்பதைக் காட்டுவது. கதிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க டெலிவிஷன் கம்பெனி ஒன்று ஜப்பானின் அணு உலைகளைப் படம் போட்டுக் காட்டியது. அதில் டோக்கியோ நகரின் நடுவிலே ஒரு உலை! "ஷிபுயா எக்மேன்" என்று அதற்குப் பெயர். விசாரித்தால், அது ஒரு பாட்டுக் கச்சேரி மண்டபம்.

எண் சொன்னால் போதுமா?

கதிரின் அளவை "மில்லி சீவர்ட்" என்று கணக்கிடுகிறார்கள். மண், பாறை, வானம், உணவு எல்லாவற்றிலிருந்தும் மனித உடலுக்குக் கதிர் வருகிறது. உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். சில ஊர்களில் இன்னும் அதிகம். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும், கேரளத்துக் கருநாகப்பள்ளி மணலிலும் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. கருநாகப்பள்ளி ஜனங்களைப் பல வருஷம் கவனித்து 2009-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மணலின் கதிரால் அங்கே புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை.

ஒரே நேரத்தில் 1,000 மில்லி சீவர்ட் பட்டால் வாந்தி வரும், உடம்பு படுத்துவிடும். 4,000, 5,000 என்று போனால் உயிருக்கே ஆபத்து. புகுஷிமாவிலிருந்து வெளியேறிய ஜனங்களுக்கு முதல் வருஷத்தில் பட்டது சராசரியாக 10-க்கும் கீழே. வயிற்றை ஒருமுறை சி.டி. ஸ்கேன் எடுத்தால் உடம்பில் படும் அளவு ஏறத்தாழ இவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்று யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. "ஆயிரம் மடங்கு", "லட்சம் மடங்கு" என்று கொட்டை எழுத்தில் வந்தது. எதற்கு ஆயிரம் மடங்கு? எந்த இடத்தில்? அங்கே ஆள் இருக்கிறானா? செய்தியில் பதில் இல்லை.

மார்ச் 23-ந் தேதி டோக்கியோ குழாய்த் தண்ணீரில் கதிர் வீசும் அயோடின் இருப்பது தெரிந்தது. அளவு 210. பெரியவர்களுக்கு 300 வரை போகலாம். கைக்குழந்தைகளுக்கு 100-தான் வரம்பு. ஆகவே "குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்" என்று நகராட்சி அறிவித்தது. சரியான எச்சரிக்கைதான். ஆனால் சில மணி நேரத்தில் கடைகளில் ஒரு பாட்டில் தண்ணீர்கூட இல்லை. பெரியவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்! மறுநாள் அளவு 79-க்கு இறங்கியது. தடையும் நீங்கியது. கதிர் வீசும் அந்த அயோடின் 8 நாளில் பாதியாகிவிடும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவும் பலருக்குத் தெரியாது.

மறைத்தவர்கள் யார்?

பழியைப் பத்திரிகைகள் மேலும் செல்போன்கள் மேலும் மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. கிலிக்குத் தீனி போட்டவர்கள் மேலிடத்திலும் இருந்தார்கள்.

மார்ச் 27-ந் தேதி மின்சாரக் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. இரண்டாவது உலைக் கட்டிடத்தில் தேங்கிய தண்ணீரில் கதிர் வழக்கத்தைப் போல ஒரு கோடி மடங்கு என்றது. உலகமே அலறியது. அன்றைக்கே கம்பெனி மன்னிப்புக் கேட்டது. "கணக்குத் தவறு. ஒரு லட்சம் மடங்குதான்" என்றது. நூறில் ஒரு பங்கு! ஆனால் ஒரு கோடி என்று கேட்ட காதில் ஒரு லட்சம் ஏறுமா?

இதைவிட மோசம், உலை உருகிய சமாசாரம். அதைக் கம்பெனி ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. "உருகியது" என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது என்று கம்பெனித் தலைவர் அப்போது உத்தரவிட்டிருந்தார். இது 2016-ல்தான் அம்பலமாயிற்று.

அரசாங்கம் செய்ததும் சிறிதல்ல. காற்று எந்தப் பக்கம் வீசும், கதிர் எங்கே போகும் என்று கணக்கிடும் யந்திரம் ஜப்பானிடம் இருந்தது. அது கணக்கும் போட்டது. ஆனால் மார்ச் 23 வரை அதை ஜனங்களுக்குச் சொல்லவில்லை. நாமியே என்ற ஊரின் மக்கள் கடற்கரையை விட்டு வடமேற்கே மலைப்பக்கம் ஓடினார்கள். காற்றும் கதிரைச் சுமந்துகொண்டு அதே பக்கம் வந்தது! எங்கிருந்து ஓடினார்களோ அங்கே இருந்ததைவிட, ஓடிப் போன இடத்தில் கதிர் அதிகம். இதைக் கேட்ட பிறகு யார் சர்க்கார் பேச்சை நம்புவார்கள்? "உடனடியாக உடலுக்குத் தீங்கு இல்லை" என்று மந்திரி சொன்னார். "அப்படியானால் பிறகு தீங்கு உண்டா?" என்று தாய்மார்கள் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பஸ்ஸில் போன உயிர்கள்

உலைக்கு 5 கிலோ மீட்டருக்குள் ஒரு ஆஸ்பத்திரி. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்களும் கிழவிகளும் அங்கே இருந்தார்கள். மார்ச் 14-ந் தேதி அவர்களில் பலரையும், பக்கத்து முதியோர் இல்லத்தில் இருந்தவர்களையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். 200 கிலோ மீட்டருக்கு மேல் சுற்றி, ஏறக்குறைய 10 மணி நேரம் பயணம். மருத்துவ வசதி இல்லை. போய்ச் சேர்ந்த இடம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். வழியிலும் பிறகும் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களைக் கதிர் கொல்லவில்லை. குளிரும் களைப்பும் கொன்றன.

மினாமி சோமா என்ற நகரத்தின் கதை வேறு. அதன் ஒரு பகுதிக்கு "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று உத்தரவு. இருந்தார்கள். ஆனால் அரிசியும் பெட்ரோலும் ஏற்றி வந்த லாரி டிரைவர்கள் ஊருக்குள் வர மறுத்தார்கள். நிருபர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். டெலிபோனில் கேட்டுச் செய்தி எழுதினார்கள். நகர மேயர் கத்சுநோபு சகுராய் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். எங்கள் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள், நேரில் வந்து பாருங்கள் என்று உலகத்தை வேண்டினார். இன்டர்நெட்டில் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். அதன் பிறகே உதவி வந்தது. அபாயமான இடம் என்று எழுதுகிறவன் அந்த இடத்தைப் பார்க்காமலே எழுதினால் செய்தி எப்படி இருக்கும்!

அந்த நகரத்து முதியோர் இல்லங்களை டாக்டர்கள் பிறகு ஆராய்ந்தார்கள். அவசரமாக வெளியேற்றப்பட்டபின், முதியோரின் சாவு விகிதம் முன்பு இருந்ததைப் போல 2.7 மடங்கு ஆகியிருந்தது. பக்கத்தில் ஈத்தாத்தே என்ற கிராமம். ஊர் முழுவதும் காலி செய்யப்பட்டது. ஆனால் ஒரு முதியோர் இல்லத்தை மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்து அங்கேயே நடத்தவிட்டார்கள். கிழவர்களை இடம் பெயர்ப்பதே பெரிய அபாயம் என்று நிர்வாகிகள் எடுத்துச் சொன்னார்கள். சரியான முடிவு.

புகுஷிமா மாகாணத்தில் ராட்சத அலைக்குப் பலியானவர்கள் சுமார் 1,600 பேர். இடம் பெயர்ந்த அலைச்சல், சிகிச்சை இல்லாமை, மனமுடைவு ஆகியவற்றால் இறந்ததாகப் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல்! கதிரால் இறந்ததாக அரசாங்கம் முதலில் ஏற்றுக்கொண்டது உலையில் வேலை பார்த்த ஒருவரை. நுரையீரல் புற்றுநோயால் இறந்த அவருக்கு நஷ்ட ஈடு தருவதாக 2018-ல் அறிவித்தது. கதிரை ஆராயும் ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் கமிட்டி 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், கதிர் நேராக உண்டாக்கிய நோய் எதுவும் அந்த மாகாண மக்களிடம் காணப்படவில்லை என்று கூறியது.

அதற்காக, ஆரம்பத்தில் ஊரைக் காலி செய்ததே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அன்று உலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இளைஞர்களும் பிள்ளை குட்டிக்காரர்களும் தள்ளிப் போனது புத்திசாலித்தனம். படுக்கையில் கிடந்தவர்களுக்கு வண்டியும் டாக்டரும் தயார் செய்யாமல் விரட்டியதுதான் தப்பு.

செர்னோபில் பாடம்

கதிர் ஒன்றும் செய்யாது என்று நினைப்பதும் ஆபத்து. 1986 ஏப்ரல் 26-ந் தேதி சோவியத் நாட்டில் செர்னோபில் உலை வெடித்தது. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. சுவீடன் நாட்டு அணு மின்சார நிலையத்தில் கதிர் அளக்கும் கருவி கூவிய பிறகே மாஸ்கோ நாலு வரி அறிக்கை விட்டது. அந்த மௌனத்தில் பிள்ளைகள் கதிர் கலந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பின்னால் தைராய்டு புற்றுநோய் வந்தது. அவற்றில் கணிசமான பகுதிக்குப் பாலே காரணமாக இருக்கும் என்று ஐ.நா. கமிட்டி கருதுகிறது. பாலை நிறுத்து என்று அன்றே சொல்லியிருந்தால் போதும்.

மாஸ்கோ மௌனமாக இருந்ததால் மேல் நாட்டுப் பத்திரிகைகள் கைக்கு வந்ததை எழுதின. "2,000 பேர் சாவு" என்று ஒரு செய்தி நிறுவனம் தந்தி கொடுத்தது. வெடித்த வேகத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர். கதிர் நோயால் அந்த வருஷம் இறந்தவர்கள் 28 பேர்.

எங்கோ இருக்கும் கிரீஸ் நாட்டிலும் கிலி பரவியது. பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்ற பேச்சு எழுந்தது. அங்கே பட்ட கதிர் மிகக் குறைவு. அதனால் கருவுக்குக் கேடு வர வழியில்லை. ஆனாலும் ஆசையோடு சுமந்த கருவைப் பல பெண்கள் கலைத்துவிட்டார்கள். டாக்டர்களே சிலர் அப்படி யோசனை சொன்னார்கள். அப்படிப் போன கருக்கள் சுமார் 2,500 என்று கிரேக்க ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் கணக்கிட்டார்கள்.

இன்னும் நிற்கும் பெட்டிகள்

புகுஷிமாவிலிருந்து வெளியூர் போனவர்களை ஒட்டுவாரொட்டி நோய் வந்தவர்களைப் போலச் சிலர் பார்த்தார்கள். யோகோகாமா நகரில் ஒரு பள்ளிப் பையனைச் சக மாணவர்கள் "கிருமி" என்றே கூப்பிட்டார்கள். கதிர் பட்டவனைத் தொட்டால் மற்றவனுக்கு ஒட்டாது. இந்தச் சின்ன விஷயம் பல வருஷம் ஆகியும் ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. விபத்துக்குப் பிறகு மாகாணம் எங்கும், பள்ளி வாசலிலும் பூங்காவிலும், கதிர் அளக்கும் பெட்டிகளை நட்டார்கள். அந்த நிமிடத்து அளவு எண்ணாகத் தெரியும். போகிற வருகிறவர் யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2018-ல், கதிர் குறைந்துவிட்டது என்று சொல்லி அவற்றில் சுமார் 2,400 பெட்டிகளை எடுத்துவிட அரசாங்கம் திட்டம் போட்டது. ஊர் ஊராக ஜனங்கள் எதிர்த்தார்கள். எண் சின்னதாக இருந்தாலும் அதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது.