விருந்தாளியின் காரும் வீட்டு மீற்றரும்



யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தனித்து வாழும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். நோன்புப் பெருநாளைக்குப் புத்தளத்திலிருந்து மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வந்தது புது மின்சாரக் காரில். இரண்டு இரவுகள் விறாந்தைப் பிளக்கில் காரைச் சார்ஜ் போட்டார்கள். அடுத்த பில்லைக் கண்டதும் தாய்க்குத் தலை சுற்றியது. "மருமகனிடம் கறண்ட் காசு கேட்பது குற்றமா, மௌலவி?"

சிரித்து விடாதீர்கள். சாதாரண வீட்டுப் பிளக்கில் அந்தக் கார் மணித்தியாலத்துக்கு 2 யூனிற்றுக்குச் சற்று மேல் இழுக்கும். இரவு 10 மணித்தியாலம் என்றால் 20க்கு மேல். இரண்டு இரவுக்கு 45. அந்தத் தாய் ஒரு மாதம் முழுவதும் செலவிடுவதே 50 யூனிற்தான்! நம் நாட்டில் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறும், மாதக் கட்டணமும் ஏறும். ஆகவே காருக்குப் போன கறண்டோடு, அவர் எரித்த விளக்குக்கும் சேர்த்தே கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது.

மருமகனையும் குறை சொல்ல முடியாது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்காக நின்றவர்கள் மின்சாரக் காரை நாடுவது இயல்பே. 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபின் இவை கூடிவருகின்றன. ஆனால் சார்ஜ் போடும் பொது இடங்கள் பெற்றோல் செட் போலச் சந்திக்குச் சந்தி இல்லை. இருக்கும் இடத்திலும் பழைய நிஸான் லீவ் காரின் பிளக் வேறு, புதிய சீனக் கார்களின் பிளக் வேறு. ஊருக்குள் ஓடுபவருக்குக் கவலையில்லை. பருத்தித்துறை போய்வர 70 கிலோமீற்றர்கூட வராது. 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருபவர் எங்கே போவார்? (தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. வழி கண்டுபிடிக்கத் தெரியாதவர்களா நாம்?)

பள்ளிவாசல் பிளக்கில் போடலாமே என்கிறார்கள் சிலர். வணக்கத் தலங்களுக்கு மின்சாரக் கட்டணம் தனி வகை. பள்ளியின் கறண்ட் விளக்குக்கும் விசிறிக்கும் ஹவுளுத் தண்ணீருக்கும் உரியது. முஅத்தினாரிடம் தலையசைப்பு வாங்கினால் போதாது. பரிபாலன சபையின் அனுமதி வேண்டும், யூனிற்றுக்குரிய காசும் வேண்டும்.

சந்தையருகே, ஆஸ்பத்திரியருகே, வாகனம் இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும் இடங்களில் மாநகரசபையோ நம் வியாபாரிகளோ மீற்றருடன் ஒரு சார்ஜரை வைத்தால் இந்தச் சங்கடமே இல்லை. வாடகை வீட்டில், கேற் இல்லாத ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும் அதுதான் வழி.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: விருந்து உபசாரம் சோற்றுக்கும் படுக்கைக்கும் உரியது. விருந்தாளி வீட்டாரைச் சிரமப்படுத்துமளவு தங்கக்கூடாது என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. காசு கேட்பது குற்றமல்ல. இதை வாசிக்கும் மகள்மாரே, உம்மா கேட்கும் வரை வைக்காதீர்கள். சார்ஜ் போடுமுன் மீற்றர் இலக்கத்தைக் குறித்து, புறப்படுமுன் கணக்குப் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரவு முழுக்கப் போடவே வேண்டாம். அது சூடேறி உருகும்.

தாய் இன்னும் கேட்கவில்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் வருகிறோம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.