‘மருந்து’ என்னும் சொல்லும் என் தம்பியின் பிக்கப் வண்டியும்



தமிழாசிரியைக்கும் டீசலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு. அதற்கு ஒரு சொல் காரணம்.

என் தம்பி சுங்கை காடுட்டில் சிறு ஒப்பந்தத் தொழில் செய்து வருகிறான். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கின் கீழே பிக்கப் வண்டியை நிறுத்தினான். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளை நூலகத்திற்கு அழைத்துச் செல்ல வந்திருந்தான். அவள் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். காலடியில் ஒரு குடிநீர்ப் போத்தல் உருண்டது. உள்ளே தேநீர் நிறத்தில் ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தவள் முகம் சுளித்தாள்.

“ஐயோ, குடித்துவிடாதே! அது மருந்தம்மா, வண்டிக்கு ஊற்றுகிற மருந்து!” என்று தம்பி பதறினான். நான் சன்னல் வழியே கையை நீட்டிப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டேன்.

அன்றிரவு மகள் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. “அம்மா, மருந்து என்றால் கொஞ்சம் குடித்தாலும் ஒன்றும் ஆகாதுதானே?”

அந்தத் திரவம் டீசலோடு கலக்கும் சேர்க்கைப்பொருள். சிங்கப்பூரில் 2013 ஜூலை முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குள் இருக்க வேண்டும். கந்தகத்தை நீக்கும்போது எரிபொருளின் வழவழப்புத் தன்மையும் குறையும். அதை ஈடுசெய்யும் சேர்க்கைகள் உண்டு. தொட்டியின் அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் வளராமல் தடுப்பவை உண்டு. எளிதில் தீப்பற்றி எரியச் செய்பவையும் உண்டு. அவற்றுள் சில, சூடேறினால் தாமே சிதைந்து மேலும் வெப்பத்தை வெளிவிடும் இயல்புடையவை. குளிரில் டீசல் உறையாமல் காப்பவையும் உள்ளன. நம் தீவில் அவற்றுக்கு வேலையே இல்லை!

இவற்றுள் பல, மெல்லிய பெட்ரோலிய எண்ணெயில் கரைக்கப்பட்டவை. அத்தகைய திரவத்தை விழுங்கினால் வயிற்றைவிட நுரையீரலுக்கே பேராபத்து. வாந்தியெடுக்க வைத்தால் அது மூச்சுக்குழலுக்குள் புகுந்து உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே வாந்தியெடுக்கத் தூண்டாமல், உடனே 995ஐ அழைக்க வேண்டும். கலனையும் அதன் லேபிளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். லேபிளே இல்லாத குடிநீர்ப் போத்தலில் எதைக் காட்டுவது?

தம்பியைக் கடிந்துகொண்டேன். அவனுக்கும் நியாயம் இருந்தது. “அக்கா, பெரிய கலனைப் பின்னால் வைத்தால் உருள்கிறது, சிந்துகிறது. ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்ற நேரமில்லை. அதனால்தான் போத்தலில் பிரித்து வைத்தேன்” என்றான்.

நேரமின்மை உண்மைதான். எனினும் மூடிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே வெப்பம் 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். குடிநீருக்காகச் செய்த மெல்லிய போத்தல் இத்தகைய திரவத்தைத் தாங்குவதற்கன்று. கலன் உருண்டால் அதைக் கட்டிவைக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த கலனிலேயே, மூடியை இறுக்கி, நிமிர்த்தி, விளிம்புயர்ந்த தட்டில் வைத்து, வண்டியின் பின்புறத்தில் நிழல்பட அசையாமல் கட்டலாம். பற்றவைப்புக் கருவி, மின்கலம், சிகரெட் ஆகியவற்றுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்குமேல் வைத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவை என்பதையும் முதலாளிகள் மறக்கலாகாது.

பெரிய கலனின் லேபிளில் சிவப்புச் சாய்சதுரத்திற்குள் ஒரு தீச்சுடர் இருந்தது; இன்னொன்றில் மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோன்ற மனித உருவம். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் எச்சரிக்கைக் குறிகள் இவை. மற்றவை எல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம். தம்பியிடம் வேலை செய்யும் இருவரும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். நட்சத்திர மனிதனைக் காட்டிப் பொருள் கேட்டேன். “நெஞ்சுக்கு நல்லதோ, டீச்சர்?” என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை.

தொழிலாளர்களைச் சரக்கு வண்டியின் பின்தட்டில் ஏற்றிச் செல்லச் சட்டம் இன்னும் இடந்தருகிறது. அவர்களின் காலடியிலேயே இத்தகைய கலன்களும் பயணம் செய்தால் என்னாவது? ஆளையும் இரசாயனத்தையும் ஒரே தட்டில் ஏற்றும் வழக்கத்தை முதலாளிகள் தாமாகவே கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

இனி மொழிக்கு வருகிறேன். பூச்சிமருந்து, எலிமருந்து, வெடிமருந்து... கொல்லும் பொருளுக்கும் நாம் மருந்தென்றே பெயர் சூட்டியிருக்கிறோம். பெரியவர்களுக்கு இடம் பார்த்துப் பொருள் விளங்கும். தமிழை வகுப்பறையில் மட்டுமே கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு விளங்குமா? அவர்களுக்கு மருந்து என்றால் நோய் தீர்ப்பது. அம்மா கரண்டியில் ஊட்டுவது. என் மகளின் கேள்வியில் பிழையில்லை. பிழை நம் சொல்லில் இருக்கிறது.

தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாள்களில், சொல்லை வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அதற்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? ‘நஞ்சு’, ‘தீப்பற்றும்’, ‘எச்சரிக்கை’ ஆகிய சொற்களை அந்தக் குறிகளோடு சேர்த்து ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். பெற்றோர் வீட்டிலுள்ள கலன்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை பார்வையிடலாம். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அந்தத் தகுதி பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல், ஆபத்தான கலனின் மேலும் இரண்டு சொற்களாக ஒட்டப்பட வேண்டும்.

மறுவாரம் மகள் தடித்த பேனாவால் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்தாள். “நஞ்சு. குடிக்காதீர்கள். தீ அருகே வைக்காதீர்கள்.” அது இப்போது அவன் கலனில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த இரு தொழிலாளர்களும் அதை வாய்விட்டுப் படித்தார்களாம்.

அவள் தேர்வில் எழுதிய எந்தக் கட்டுரையையும்விட அந்த மூன்று வரிகளுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.