நிறையாத அரங்கம்

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லுந் தொலைவில், பெரியமேட்டிலே, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் உளது. 1993-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமர்ந்து ஆட்டங் காணலாம். அதனைத் தன் இல்லமாகக் கொண்டது, 2014-இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. என்னுங் காற்பந்தாட்டக் கழகம். ஆடுதலையே தொழிலாகக் கொண்டோர் நிறைந்த இக்கழகம், இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை 2015-இலும் 2017-18 பருவத்திலும் வென்றது. ஆயினும் அதன் ஆட்டங்கள் பலவற்றில், ஆள் அமர்ந்த இருக்கைகளினும் வெறுமையாய்க் கிடக்கும் இருக்கைகளே மிகுதி. இருமுறை வாகை சூடிய அணியைக் காண ஊர் திரண்டு வாராமை என்னை?

“தமிழர்க்குக் கிரிக்கெட்டு ஒன்றே போதும், காற்பந்து இம்மண்ணிற்கு ஒவ்வாது” என்பர் சிலர். இஃது எளிதிற் சொல்லத்தக்க விடை. ஆயின் முழு விடையன்று. கிரிக்கெட்டின்பாற் பெருங்காதல் உண்டென்பது மெய்யே. 2018-ஆம் ஆண்டு காவிரிக் கிளர்ச்சியின் காரணமாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் பூனாவிற்கு மாற்றப்பட்டபோது, அன்பர்கள் தனி இரயில் ஒன்றிலேறி அவ்வூர்வரை சென்றனர். ஆனால் அக்காதல் ஒரு நாளிற் பிறந்ததா? சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது 1934-இல். பாட்டன் கண்டான், தந்தை கண்டான், மைந்தன் தெருவிலே மட்டையேந்தினான். 2008-இல் தோன்றிய அணி, முன்னரே நிரம்பியிருந்த குளத்தில் இறங்கி நீராடிற்று. காற்பந்துக் கழகமோ குளத்தையே புதிதாய் வெட்ட வேண்டியிருந்தது. அவ்வேலை எவ்வாறு செய்யப்பட்டது என்பதே நாம் ஆராயத்தக்கது.

வெற்றி கூட்டத்தைச் சேர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் இக்கழகத்தின் வெற்றிகள் நிகழ்ந்த இடங்களை நோக்குமின். 2015-இல் இறுதியாட்டம் கோவாவில், கோவா அணியின் களத்திலேயே நடந்தது. 2018 மார்ச்சு மாதத்தில் இறுதியாட்டம் பெங்களூரில், பெங்களூரு அணியின் களத்திலேயே நடந்தது. இரண்டிலும் சென்னை அணி 3-2 என வென்றது. பகைவர் கோட்டையிற் பெற்ற வெற்றி பெருமைக்குரியதே. ஆனால் தன் ஊரார் அதனைத் தொலைக்காட்சியிலன்றோ கண்டனர்? 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தமையால், தன் ஊரில் ஆடவேண்டிய அரையிறுதியாட்டத்தையும் அவ்வணி பூனாவில் ஆடிற்று. 2020 மார்ச்சில் மூன்றாம் முறையாக இறுதியாட்டத்தை எய்தியபோது கொள்ளைநோய் வந்தது, கோவாவில் பார்வையாளர் ஒருவருமின்றி ஆட்டம் நடந்தது, சென்னை தோற்றது. அடுத்த இரு பருவங்களும் கோவாவிலேயே கழிந்தன. மூன்று இறுதியாட்டங்களுள் ஒன்றேனும் தன் ஊரார் கண்முன் நிகழவில்லை. இது யார் குற்றமுமன்று. எனினும், “அன்று யானும் ஆங்கிருந்தேன்” என்று முதியோர் இளையோர்க்குச் சொல்லத்தக்க நாள் ஒன்று இல்லாத அணிக்கு மரபு எவ்வாறு உண்டாகும்? கல்கத்தாவிலே 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911 ஜூலை 29-ஆம் நாள் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. அது தன் ஊர் மைதானத்திலே, தன் மக்கள் நடுவிலே நிகழ்ந்தது. அந்நாளின் நினைவு நூறாண்டு கடந்தும் ஆட்களை அரங்கிற்கு அழைத்து வருகின்றது.

இனிக் காலத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். யான் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை. மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர்ப் பாதை எம் ஊரின் வழியே செல்கின்றது. யான் கிறித்தவன், வலம்வருதல் என் வழிபாடன்று. ஆயினும் நிறைமதி நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு எம் வாயில் வழியே நடந்து செல்வதைச் சிறுவயது முதற் கண்டு வருகின்றேன். அவர்களை வீடுதோறுஞ் சென்று அழைப்பாரில்லை. கடவுட்பற்றே அவர்களை ஈர்ப்பது என்பதில் ஐயமில்லை. ஆட்டக் களத்தை வழிபாட்டுக்கு நிகராக்குதல் என் கருத்துமன்று. ஒன்றை மட்டுமே சுட்ட விழைகின்றேன்: நாள் மாறுவதில்லை. அடுத்த நிறைமதி எந்நாள் என்பதை நாட்காட்டி சொல்லும், வானமே சொல்லும். மாறாத நாளே வழக்கத்தை உண்டாக்கும். வழக்கமே கூட்டத்தை உண்டாக்கும்.

காற்பந்து லீக்கோ இதற்கு முற்றும் மாறானது. முதன் மூன்று ஆண்டுகளில் அஃது அக்டோபரிலே தொடங்கி டிசம்பரிலே முடிந்தது. ஆண்டில் ஒன்பது திங்கள் அணியின் பேச்சே இல்லை. அம்மூன்று திங்களுமோ சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம்! பின்னர்ப் பருவம் நீண்டதாயினும், ஆட்ட நாளும் நேரமும் தொலைக்காட்சியின் வசதியை நோக்கியே பெரும்பாலும் வகுக்கப்பட்டன. இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பது மணி கடந்துவிடும். மறுநாட் பள்ளி செல்லுஞ் சிறுவனை எந்தத் தாய் அனுப்புவாள்? ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவிலிருந்து செல்லும் எம் ஊரினன் பின்னிரவிலன்றோ வீடு சேர்வான்? 2025-இல் கூட்டமைப்பிற்கும் லீக்கை நடத்திய நிறுவனத்திற்கும் இடையிலிருந்த உரிமை உடன்படிக்கை முடிவை நெருங்கியபோது, அடுத்த பருவம் உரிய காலத்தில் தொடங்காது 2026 பிப்ரவரி வரை தள்ளிப்போயிற்று. வருமோ வாராதோ என்றிருக்கும் விழாவிற்கு எவரும் புத்தாடை வாங்கி வையார்.

அரங்கின் அமைப்பையும் கருதல் வேண்டும். ஆட்டக்களத்தைச் சுற்றி ஓட்டப்பாதை அமைந்துள்ளமையால் காண்போன் களத்தினின்றும் சேய்மையில் அமர்கின்றான். பந்தை உதைக்கும் ஓசை அவன் செவிக்கு எட்டுவதில்லை. வீட்டிலுள்ள திரையோ ஆடுவோன் முகத்து வியர்வையையுங் காட்டுகின்றது. பொருள் செலவிட்டுத் தொலைவில் அமர்வதினும், செலவின்றி அருகிற் காண்டல் நன்றென ஒருவன் எண்ணின் அவனைக் குறைகூறல் இயலுமோ?

இவையெல்லாம் திருத்தத்தக்க குறைகள். அடிப்படைக் குறை வேறொன்று உளது. மக்கள் தம்முடையது என்று கருதும் பொருளையே நாடிச் செல்வர். வடசென்னை வியாசர்பாடியிலே காற்பந்து சிறுவரின் உயிராக இருக்கின்றது. அஃது அரங்கிற்குச் சில கல் தொலைவிலேயே உளது. தமிழகத்திற் பிறந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டு 12-ஆம் நாள் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக அடித்த கோல், டூரண்டு கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திற்று. அவ்விரவு வங்காளிகள் ஒரு தமிழன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர். சென்னை அணியிலும் தன்பால் கணேஷ், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழர் ஆடியதுண்டு. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்தானும் “இவன் எம் ஊர்ப் பிள்ளை” என்று சுட்டிக்காட்டும் அளவிற்கு அவ்வெண்ணிக்கை பெருகவில்லை.

செருமனியிலே 1998 முதல் நிலவும் விதி ஒன்று உண்டு. கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அது. ஆங்கு டார்ட்மண்டு நகரில், அரங்கின் ஒரு பக்கத்து மேடையில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டங் காண்கின்றனர். அவர்கள் தம்மை வாடிக்கையாளராகக் கருதுவதில்லை, உடையவராகக் கருதுகின்றனர். நம் நாட்டில் அவ்விதியை அப்படியே பெயர்த்து நடல் அரிது. எனினும், கழகம் ஆண்டிற்குச் சில ஆட்டங்களையேனும் வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் நட்பாட்டமாக ஆடலாம். மாவட்டப் பள்ளிகளிலிருந்து சிறுவரைத் தேர்ந்து பயிற்றலாம். ஞாயிறு மாலையைத் தன் நாளாக வேண்டிப் பெறலாம். மாணவர்க்குச் சிறு கட்டணத்திற் பருவச் சீட்டு வழங்கலாம்.

கழகம் செய்யவேண்டியன இவை. நாம் செய்யவேண்டியது யாது? 1891-இல் ஸ்ரீநகரிலே டிண்டேல் பிஸ்கோ என்னும் மிஷனரி ஆசிரியர் காற்பந்தைக் கொணர்ந்தபோது, தோலாற் செய்த அப்பந்தைத் தீண்ட மாணவர் மறுத்தனர் என்பது வரலாறு. அவர் அவர்களைக் காணச் செய்யவில்லை, ஆடச் செய்தார். காலில் ஏறிய விளையாட்டே நெஞ்சில் ஏறும். மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இது புதிதன்று, பந்துமுண்டு, களமுமுண்டு. ஆயின் நம் கல்லூரி அணி ஆடும்போது கோட்டருகே நிற்போர் எத்துணைப் பேர்? பக்கத்துக் களத்திலே நம் வகுப்புத் தோழன் ஆடுவதைக் காண அரைமணி ஒதுக்காத நாம், 40,000 இருக்கைகள் நிறையவில்லையே என்று வியத்தல் பொருந்துமோ?

பார்வையாளரில்லா ஆட்டத்திற்கு நேரும் முடிவை நாம் ஒருமுறை கண்டுவிட்டோம். கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி கழகம், தமிழிளைஞர் பலரை உலகிற்குக் காட்டிற்று. சில ஆண்டுகளுள் அது தேசிய லீக்குகளினின்றும் மறைந்தது. அதற்குக் காரணங்கள் பலவாகலாம். ஆயின் அது போனபோது “எம்முடையது போயிற்றே” என்று தெருவிற்கு வந்தோர் மிகச் சிலரே. எஞ்சியுள்ள கழகத்திற்கும் அந்நிலை வாராதிருக்க வேண்டுமாயின், அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நம் மைதானத்திற்கு வருக. ஆட்டம் நான்கரை மணிக்கு, கட்டணமில்லை.