தாய்மண்ணின் கதவு சாத்தப்பட்டபோது!

புதுச்சேரி நகரத்தின் வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது குருசுக்குப்பம். ‘குருசு’ என்றால் சிலுவை. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் அது. இன்று கரையில் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டி, அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அலையைக் கல்லால் தடுக்கலாம். கொள்ளை நோயை எதனால் தடுப்பது? உலகத்து சர்க்கார்கள் எல்லாம் 2020-ஆம் ஆண்டில் கண்ட வழி ஒன்றுதான். கதவைச் சாத்து!

அந்தக் கதவு யார் மீது சாத்தியது, எப்போது திறந்தது, யாருக்கு முதலில் திறந்தது என்பதைப் பார்க்க, புதுவையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனென்றால் இங்கே பல வீடுகளில் இரண்டு தேசங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. அண்ணன் பிரெஞ்சுப் பிரஜை. தம்பி இந்தியப் பிரஜை. தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்குகிற ‘சொல்தா’. மருமகன் புதுவை சர்க்கார் ஊழியர். மகள் பாரிஸில், தாயார் புதுவையில்.

ஆறு மாதத்தில் ஒரு கையெழுத்து

இந்த நிலைமை எப்படி வந்தது?

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் அது சட்டப்படி அமலுக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியப் பிரஜைகள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிலர் எழுதிக் கொடுத்தார்கள். பலர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று போட்ட கையெழுத்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தைப் போல் இறங்கி வந்தது.

இந்திய அரசியல் சட்டம் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக 2005-ஆம் ஆண்டு முடிவில் வந்ததுதான் ஓ.சி.ஐ. அட்டைத் திட்டம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பிரதேசத்தைச் சேர்ந்தவர்களும் இந்த அட்டையைப் பெறலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. புதுவைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியதைப் போன்ற வாசகம்! இந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுவதும் விசா வேண்டாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், போகலாம்.

‘ஆயுள் முழுவதும்’ என்பதை ஜனங்கள் அப்படியே நம்பினார்கள்.

மார்ச் மாதத்து உத்தரவுகள்

2020 மார்ச் 11-ஆம் தேதி, கொரோனாவை உலகளாவிய கொள்ளை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே நாளில் டில்லியிலிருந்து உத்தரவு பிறந்தது. தூதரகத்தார், ஐ.நா. அதிகாரிகள், வேலை விசா பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்ற எல்லோருடைய விசாக்களும் ஏப்ரல் 15 வரை நிறுத்தி வைக்கப்பட்டன. 13-ஆம் தேதி முதல் அமல். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களின் விசா இல்லாப் பிரயாணச் சலுகையும் கூடவே நின்றது. சீனா, இத்தாலி, ஈரான், தென் கொரியா, பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி ஆகிய ஏழு நாடுகளிலிருந்து வருகிறவர் இந்தியரே ஆனாலும் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள்.

மார்ச் 18 முதல் ஐரோப்பிய நாடுகளிலிருந்து இந்தியாவுக்குப் பிரயாணிகளை ஏற்றக் கூடாது என்று விமானக் கம்பெனிகளுக்கு உத்தரவு போயிற்று. 22-ஆம் தேதியோடு வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 25-ஆம் தேதி நாடே ஊரடங்கில் மூழ்கியது. பிரான்ஸிலும் 17-ஆம் தேதியே ஊரடங்கு வந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இப்படி அவசரப்பட்டது தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. புது வியாதி, மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. ஆகாய மார்க்கமாகத்தான் வியாதி வந்தது. ஆகாயத்தை அடைத்தார்கள்.

கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது.

பட்டியலில் விடுபட்டவர்கள்

கதவைச் சாத்திய பிறகு, சாளரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விட்டார்கள். மே 7-ஆம் தேதி ‘வந்தே பாரத்’ விமானங்கள் புறப்பட்டன. அவை இந்தியப் பிரஜைகளுக்காக ஏற்பட்டவை. மே 22-ஆம் தேதி ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களில் நான்கு வகையினருக்கு அனுமதி கிடைத்தது. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த சிறுவர்கள். குடும்பத்தில் சாவு போன்ற அவசரம் உள்ளவர்கள். கணவன் மனைவியில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருந்து இந்தியாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள். இந்தியாவில் வாழும் இந்தியப் பிரஜைகளின் பிள்ளைகளான கல்லூரி மாணவர்கள்.

நல்ல பட்டியல்தான். ஆனால் இதைப் புதுவையில் வைத்துப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவை எடுத்துக்கொள்வோம். அவரும் பிரெஞ்சுப் பிரஜை, மனைவியும் பிரெஞ்சுப் பிரஜை. இருவரிடமும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. வீடு குருசுக்குப்பத்தில். வாங்கும் மாத்திரை, படிக்கும் பத்திரிகை, பால்காரர் பாக்கி எல்லாம் இங்கேதான். பேரப்பிள்ளையைப் பார்க்க பிப்ரவரியில் பாரிஸ் போனார்கள். மார்ச்சில் மாட்டிக்கொண்டார்கள்.

இவர்கள் அந்த நான்கு வகையில் எதில் சேருவார்கள்? எதிலும் இல்லை! சிறுவர்கள் அல்ல, மாணவர்கள் அல்ல, சாவு நேரவில்லை, தம்பதியில் ஒருவரும் இந்தியப் பிரஜை அல்ல. சொந்த வீட்டுச் சாவி கையில் இருக்கிறது. ஊருக்குள் வரத்தான் உரிமை இல்லை.

தவிர்க்க முடியாத காரணம் உள்ளவர் இந்தியத் தூதரகத்தை அணுகலாம் என்று மார்ச் உத்தரவிலேயே ஒரு வரி இருந்தது. தூதரகம் மனமிரங்கினாலும் ஏறி வர விமானம் வேண்டுமே!

ஜூலை 18-ஆம் தேதிதான் இரு நாட்டு உடன்பாட்டின்படி ஏர் பிரான்ஸ் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஆகஸ்ட் 1 வரை 28 தடவை. டில்லி, பம்பாய், பெங்களூர் மூன்று ஊர்களுக்கு மட்டும். சென்னை அதில் இல்லை. அப்படிப்பட்ட உடன்பாடு உள்ள நாடுகளின் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் வரலாம் என்று ஆகஸ்டில் வழி பிறந்தது. எல்லா நாட்டு அட்டைக்காரர்களுக்கும் அக்டோபர் 22-ஆம் தேதி கதவு திறந்தது. சுற்றுலா விசாக்காரர்கள் 2021 நவம்பர் வரை காத்திருந்தார்கள். வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் திரும்பியது 2022 மார்ச் 27-இல்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் சட்ட விரோதம் ஏதும் இல்லை. நாடெங்கும் நடமாடவும் குடியிருக்கவும் உள்ள உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பிரஜைகளுக்கு மட்டுமே தருகிறது. அந்நியரை வெளியேற்ற சர்க்காருக்குத் தடையற்ற அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 1955-ஆம் ஆண்டிலேயே, ஹான்ஸ் முல்லர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டையில் ‘சிட்டிசன்’ என்ற சொல் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியரே.

ஆனால், சட்டத்தில் இடமிருக்கிறது என்பது ஒன்று. நியாயம் இருக்கிறதா என்பது வேறு. வியாதிக் கிருமி கடவுச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை. பாரிஸிலிருந்து வரும் இந்தியப் பிரஜையை 14 நாள் தனியே வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றால், அதே விமானத்தில் வரும் குருசுக்குப்பத்துப் பெரியவரையும் 14 நாள் தனியே வைத்து அனுப்பலாமே!

அந்தப் பக்கத்துக் கதவு

பிரான்ஸ் மட்டும் தன் பிரஜைகளிடம் எப்போதும் தாராளமாக இருந்ததா? அதுவும் இல்லை. 2020 வசந்தத்தில் தனி விமானம் அனுப்பித் தன் மக்களை இந்தியாவிலிருந்து அழைத்துக்கொண்ட அதே தேசம், 2021 ஜனவரி 31 முதல் வேறு விதி போட்டது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர், பிரெஞ்சுப் பிரஜையே ஆனாலும், தவிர்க்க முடியாத காரணத்தைக் காட்ட வேண்டும் என்றது.

அப்போது ஒன்று நடந்தது. பிரான்ஸின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றமான ராஜாங்க சபை, மார்ச் 12-ஆம் தேதி அந்த விதியை நிறுத்தி வைத்தது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர் தாய்நாடு திரும்பக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஆயிற்று.

வேறு தேசங்கள் இதைவிடக் கடுமையாக நடந்தன. 2021 ஏப்ரலில் இந்தியாவில் இரண்டாவது அலை வீசியபோது, நியூஸிலாந்து தன் சொந்தப் பிரஜைகளைக்கூட இந்தியாவிலிருந்து வரக் கூடாது என்று சில நாள் தடுத்தது. ஆஸ்திரேலியா மே மாதத் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்பும் பிரஜைக்கு ஐந்து வருஷம் வரை சிறை என்று பயமுறுத்தியது! பிரஜா உரிமை என்பது எவ்வளவு கெட்டியான குடை என்று அந்த மழையில்தான் தெரிந்தது.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

தடுப்பூசி வந்தால் தொல்லை தீரும் என்று எதிர்பார்த்தார்கள். புதுத் தொல்லை வந்தது.

இந்தியாவில் பெரும்பாலோருக்குப் போடப்பட்டது புனாவில் தயாரான கோவிஷீல்டு. ஆஸ்ட்ரா ஜெனகாவின் அதே ஊசி; பெயர்தான் வேறு. ஆனால் 2021 ஜூலை 1-ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் தடுப்பூசிச் சான்றிதழ் முறையைத் தொடங்கியபோது, ஐரோப்பிய மருந்து நிறுவனம் அங்கீகரித்த பட்டியலில் கோவிஷீல்டு என்ற பெயர் இல்லை. புட்டியில் இருப்பது ஒன்றே என்றாலும், சீட்டில் இருக்கும் பெயர் செல்லவில்லை!

பிரான்ஸ் ஜூலை 18 முதல் கோவிஷீல்டை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் அக்டோபர் வரை இழுத்தடித்தது. இந்தியாவும் பதிலுக்குப் பிரிட்டிஷாருக்குப் பத்து நாள் தனிமை விதித்தது. இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பும் இறங்கி வந்தன. இதில் எந்த இடத்தில் வைத்தியம் இருந்தது? பெரும்பாலும் கௌரவப் பிரச்சினைதான்.

தெருமுனையில் எல்லை

பாரிஸை விடுங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. 1954-க்கு முன்பு இரண்டு ராஜ்யங்களின் எல்லை அது. 2020-இல் அந்தப் பழைய எல்லை மறுபடி உயிர் பெற்றது. தடுப்புக் கட்டைகள் வந்தன, இ-பாஸ் கேட்டார்கள்.

புதுவை ஒரே துண்டாக இருக்கும் பூமி அல்ல. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் குடியிருந்து புதுவையில் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு நோயாளிகளும் ஏராளம். வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டின் மேல் ஜனங்களின் பிழைப்பு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் புதுவை சர்க்கார் வேறு வழி கண்டது. 2020 மே 25-ஆம் தேதி மதுக்கடைகளைத் திறந்தபோது, விசேஷ வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்தினார்கள். விலை வித்தியாசம் போனால் எல்லை தாண்டி யார் வரப்போகிறார்கள்? தடியால் தடுக்க முடியாததை வரியால் தடுத்தார்கள்.

தடைகள் பலித்தனவா?

நியாயமாகப் பார்த்தால், சில இடங்களில் பலித்தன. கடல் சூழ்ந்த நியூஸிலாந்து, 2020 மார்ச் 19-ஆம் தேதியே அந்நியருக்குக் கதவை மூடியது. வந்தவர்களைச் சர்க்கார் விடுதிகளில் தனியே வைத்தது. தடுப்பூசி வரும்வரை உயிர்களைக் காத்தது.

ஆனால் வியாதி உள்ளே வந்து பரவிய பிறகு வாசலை அடைப்பதில் பலன் குறைவு. 2021 நவம்பர் 24-ஆம் தேதி தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புது வகைக் கிருமியைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தார்கள். நன்றி சொல்ல வேண்டிய தேசங்கள், அவர்களுக்கு விமானத்தை நிறுத்தின. ஒமைக்ரான் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. சில வாரங்களில் உலகம் முழுவதும் பரவியது. உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை யார் சீக்கிரம் சொல்வார்கள்?

அடுத்த முறை?

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. 2025 மே 20-ஆம் தேதி உலக சுகாதார மாநாடு கொள்ளை நோய் உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் யாரை உள்ளே விடுவது என்பது இன்றும் அந்தந்த தேசத்தின் இஷ்டமே.

ஆகையால் செய்ய வேண்டியதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். சில காரியங்களுக்குப் பெரிய செலவு இல்லை.

முதலாவது: கடவுச்சீட்டு மட்டும் கணக்கல்ல, குடியிருப்பும் கணக்கு. இந்தியாவில் நிரந்தரமாக வீடு வைத்து வாழும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர், தனிமை விதிக்கு உட்பட்டு எப்போதும் திரும்பலாம் என்று விதி எழுத வேண்டும்.

இரண்டாவது: சாவு, கடும் நோய், பிரசவம் ஆகியவற்றுக்கான அவசர அனுமதி, நோய் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கதவைச் சாத்திய பத்து வாரத்துக்குப் பிறகு பட்டியல் போடுவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவதாகும்.

மூன்றாவது: தமிழ்நாடும் புதுவையும் நோய்க் காலத்தில் ஒரே வட்டாரமாக நடக்க, இப்போதே உட்கார்ந்து பேசி உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் சீட்டு கேட்கக் கூடாது.

வீட்டுக்குக் கதவு வேண்டும். அதற்குத் தாழ்ப்பாளும் வேண்டும். திருடன் பயம் இருக்கும்போது தாழ் போட வேண்டியதுதான். ஆனால் தாழ் போடுவதற்கு முன்பு, வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்களா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். 2020-இல் அப்படி எண்ணியவர்கள் கடவுச்சீட்டுகளை எண்ணினார்கள். அடுத்த முறை ஆட்களை எண்ணட்டும்.