ஐதரசன்: உழைப்பாளியா, சுமையாளா?

நீரிலே ஓடும் மோட்டார் வண்டிகள் வந்துவிடின் பெற்றோலின் தயவு எதற்கு என வினவுவோர் இன்று பலராவர். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டவர் இவ்வாறு வினவுவதில் வியப்பில்லை. நீரிலே ஐதரசன் உண்டு, ஐதரசன் எரியும், எரிந்தபின் எஞ்சுவதும் நீரே. இவை யாவும் உண்மை. ஆயினும், நீரை எரிபொருளென எண்ணுவதுதான் தவறு.

நீர் என்பது ஐதரசன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மீண்டும் விறகாக்க முயல்வோன், அவ்விறகு தந்த வெப்பத்திலும் கூடிய சக்தியைச் செலவிட்டேயாக வேண்டும். ஒன்பது லீற்றர் நீரை மின்சாரத்தாற் பகுத்தால் ஒரு கிலோ ஐதரசன் கிடைக்கும். அதற்கு 50 யூனிற்றுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதனை அமுக்கிச் சேமித்து, எரிபொருட் கலத்தின் வழியே மறுபடியும் மின்சாரமாக்கினால், கைக்கு வருவது ஏறத்தாழ 16 அல்லது 17 யூனிற்றே. மூன்று மூட்டை நெல்லைச் சுமக்கக் கொடுத்தால், இரண்டைக் கூலியாக எடுத்துக்கொண்டு ஒன்றை இறக்கிவைக்கும் சுமையாளை ஒத்தது இவ்வாயு. பற்றரியோ பத்தில் எட்டுப் பங்கிற்குக் குறையாமல் திருப்பித் தருகின்றது.

இக்கணக்கை மெய்யாகவே பரீட்சித்த தீவொன்று உண்டு. நோர்வேயின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள உற்சிரா என்னும் சிறு தீவிலே, 2004 ஆம் ஆண்டில், காற்றாலை மின்சாரத்தைப் பத்து வீடுகளுக்கு வழங்கினர். காற்று மிகுந்த வேளையில் எஞ்சிய மின்சாரத்தால் ஐதரசன் ஆக்கிச் சேமித்தனர். காற்று ஓய்ந்தபோது அதனைக் கொண்டே விளக்கேற்றினர். விளக்குகள் எரிந்தன, பரிசோதனை பொய்க்கவில்லை. எனினும் 2008 ஆம் ஆண்டுடன் அது நிறைவுற்றது. பத்து வீடுகளுக்கு அத்துணைப் பெரிய கூலியைக் கொடுத்து எவ்வளவு காலந்தான் கட்டும்?

ஜேர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்திலும் கதை ஏறக்குறைய இதுவே. 2018 இல் அங்கே ஐதரசன் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. (புகையில்லாத வண்டியைப் புகையிரதம் என்றே அழைக்க நேர்ந்தது நம் மொழியின் விந்தை!) 2022 இல் பதினான்கு வண்டிகள் ஒரு பாதை முழுவதையும் ஏற்றன. ஆயின் மறு ஆண்டே அம்மாநிலப் போக்குவரத்து அதிகாரிகள், இனி வாங்குபவை பற்றரி வண்டிகளே என அறிவித்தனர். செலவு குறைவு என்பதே காரணம்.

நமது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் நிலையும் உற்சிராவின் நிலையை ஒத்ததே. காற்றும் வெயிலும் அங்கே குறைவில்லை. மின்சாரமோ நெடுங்காலமாகக் கடல் கடந்து செல்லும் டீசலை நம்பியது. இம்மூன்று தீவுகளுக்குமாக இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சிலே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்திற் சூரிய ஒளியும் காற்றும் மின்சாரம் தர, அதனைச் சேமிப்பதற்கு விதிக்கப்பட்டது பற்றரியே. துணைக்கு டீசற் பொறிகளும் உள. ஐதரசனுக்கு அதில் இடமில்லை. இரவில் விளக்கெரிய வேண்டிய வீட்டாருக்கு இதுவே தக்க தெரிவு என்பது நம் துணிபு.

அப்படியாயின் ஐதரசனைத் தள்ளிவிடலாமோ? கூடாது. பற்றரியால் ஆகாத வேலைகள் உள. இரும்புத் தாதுவிலுள்ள ஒட்சிசனை நீக்க நிலக்கரிக்குப் பதிலாக ஐதரசனைக் கையாண்டு, சுவீடன் நாட்டார் 2021 இல் உருக்குச் செய்து காட்டினர். யூரியாவுக்கு மூலமான அமோனியாவும் ஐதரசன் இன்றி உண்டாகாது. இன்று அவ்வைதரசனைப் பெரும்பாலும் இயற்கைவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே எடுக்கின்றனர். கரியமிலவாயு வானில் ஏறுகின்றது. 2021 இல் உரமின்றி நம் வயல்கள் பட்ட பாட்டை உழவர் மறந்திரார். காற்றிலும் வெயிலிலும் பிறக்கும் ஐதரசன் முதலிற் செல்லவேண்டிய இடம் அத்தகைய உர ஆலைகளே. கனவான்களின் கார்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.