கைராசி வைத்தியமும் வயோதிகர் கதியும்

நம் நாட்டில் ஒரு கிழவர் இராத்திரியில் எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வாரானால், வீட்டார் முதலில் தேடுவது காரணத்தையல்ல, சோசியனையே யாகும். அவன் அஷ்டமத்துச் சனி என்பான். பக்கத்து வீட்டார் திருஷ்டி என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களோ "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று முடித்து விடுவார்கள். இம்மூன்று பதில்களும் வேறு வேறாய்க் காணப்பட்டாலும் மூன்றின் கருத்தும் ஒன்றுதான். அதாவது, "காரணம் கேட்காதே" என்பதே. ஆனால் அக்கிழவரின் தலையணைக்கடியில் கிடக்கும் தூக்க மாத்திரை அட்டையை எடுத்து, "இது எத்தனை வருஷமாய் ஓடுகின்றது? இன்னமும் இது வேண்டுமா?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

மருந்து என்பது கோவில் பிரசாதமல்ல, அதிகம் சாப்பிட்டால் அதிகப் புண்ணியம் என்பதற்கு. அது உடம்பில் வேலை செய்த பிறகு ஈரலாலும் சிறுநீரகத்தாலும் கழிக்கப்பட வேண்டிய ஒரு பொருள். 40 வயதிற்குப் பிறகு சிறுநீரகம் நிமிஷத்திற்கு வடிகட்டும் அளவு வருஷத்திற்குச் சராசரி சுமார் 1 மில்லி லிட்டர் வீதம் குறைந்துகொண்டே வருகின்றது. சதை வற்றிப்போன கிழவிக்கு இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாய் இருப்பது போலவே காட்டும். உள்ளே சிறுநீரகமோ பாதியாய்ப் போயிருக்கும். வயோதிகத்தில் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுவதால் டயஸிபாம் போன்ற மாத்திரைகள் நாள்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே 30 வயதுக்காரனுக்குப் போதுமான அளவு 75 வயதுக்காரருக்கு விஷமாகக்கூடும் என்பதில் என்ன ஆச்சரியமிருக்கின்றது?

இது நாம் புதிதாய்ச் சொல்லுவதல்ல. 1991-லேயே அமெரிக்காவில் பியர்ஸ் என்னும் டாக்டர், வயோதிகருக்கு ஆகாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அது பல தடவை திருத்தப்பட்டு 2023-லும் வெளிவந்திருக்கின்றது. 2017-ல் உலக சுகாதார ஸ்தாபனம், மருந்தினால் ஏற்படும் தவிர்க்கக்கூடிய கடுந்தீங்கை 5 வருஷத்தில் பாதியாய்க் குறைக்க வேண்டுமென்று உலகத்திற்கே சொல்லிற்று. அந்த ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, சர்க்கரை வியாதிக்கான கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உகந்ததல்ல என்று எழுதப்பட்டிருக்கின்றது.

இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டியம்மாள் ஏகாதசி என்றும் சஷ்டி என்றும் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? சர்க்கரை மளமளவென்று இறங்கும், வேர்க்கும், நடுங்கும், பிதற்றுவார், நினைவு தப்பும். உடனே வீட்டிலுள்ள பக்தர்கள் "அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது" என்று கற்பூரம் கொளுத்துவார்கள். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால், நினைவிருக்கும்போதே பிழைத்துக் கொள்ளக்கூடிய உயிர் அது! நினைவு தப்பியபின் வாயில் ஊற்றவும் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

நிற்க, மருந்துக்கு மருந்து என்ற கூத்தையும் சற்று கவனிப்போம். இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகின்றது. அதனால் சிலருக்குக் கால் வீங்குகின்றது. அது புது வியாதி என்று எண்ணி, நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்க்கப்படுகின்றது. நீரும் உப்பும் போய்த் தலை சுற்றுகின்றது. தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை. அது கைகால் நடுக்கத்தைக் கொண்டுவந்தால் நடுக்கத்திற்கு மற்றொன்று. இதற்கு நடுவில் முழங்கால் வலிக்கென்று சீட்டில்லாமல் கடையில் வாங்கிய டைக்ளோபினாக் வேறு சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. ஒரு தோஷத்திற்குப் பரிகாரம், அந்தப் பரிகாரத்தில் வந்த குறைக்கு மறு பரிகாரம் என்று புரோகிதன் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த இடத்தில்தான் "கைராசி" என்னும் புது மூடநம்பிக்கை நுழைகின்றது. "அவர் கைராசி டாக்டர், அவரை ஒன்றும் கேட்கக்கூடாது" என்கின்றார்கள். புரோகிதன் மந்திரம் நமக்குப் புரியாததாலேயே அதற்கு மகிமை வந்தது. டாக்டர் சீட்டும் புரியாததாலேயே மகிமை பெற வேண்டுமா? மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாய், கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டுமென்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. காரணமில்லாமலா? ஒரே மருந்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுத, கிழவர் இரண்டையும் விழுங்கி இரட்டை அளவில் அவதிப்படுகின்றாரே, அதற்கு யார் ஜவாப்தாரி?

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், நாட்டு மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது" என்று ஒரு கூட்டம் கிளம்புகின்றது. இதுவும் சுத்தப் புரட்டேயாகும். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்தது. அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாய்ச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும். வேலை செய்கிற மருந்து எதற்கும் வேண்டாத வேலையும் உண்டு. இல்லவே இல்லை என்பவன் வைத்தியனல்ல, வியாபாரியே!

நாம் டாக்டர்களுக்கோ மருந்துக்கோ விரோதிகளல்லர். சயன்ஸ் தந்த மருந்தால்தான் இன்று நம் ஜனங்கள் கிழவர்களாகுமளவு வாழ்கின்றார்கள். 2021 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை அனுப்புவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் மாத்திரை கொடுக்க ஆள் வருவது போலவே, தேவையற்றதை எடுத்துவிடவும் ஆள் வரவேண்டும் என்கின்றோம். கேள்வி கேட்பதே சயன்ஸ்; கேட்காமல் விழுங்குவது பக்தி.

ஆகவே வயோதிகத் தோழர்களும் அவர்கள் பிள்ளைகளும் செய்ய வேண்டியது இதுதான். வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், லேகியம், சூரணம் யாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேஜைமேல் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து "இது எதற்கு? எத்தனை நாளைக்கு? என் சிறுநீரகத்திற்குத் தக்க அளவுதானா? எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்தி விடாதீர்கள். தூக்க மாத்திரை, இருதய மாத்திரை சிலவற்றைத் திடீரென்று விட்டாலும் ஆபத்துண்டு. புதுத் தொந்தரவு எது வந்தாலும் புது வியாதி என்பதற்கு முன் புது மருந்தைச் சந்தேகியுங்கள். தீங்கு நேர்ந்தால் 1800-180-3024 என்ற சர்க்கார் எண்ணுக்குத் தெரிவியுங்கள். கேட்டதற்குக் கோபிக்கிற டாக்டரைவிட்டு, பதில் சொல்லுகிற டாக்டரிடம் போங்கள்.

கிழவர் என்றால் சாகக் காத்திருப்பவர், கிழவி என்றால் வாய் திறக்கக் கூடாதவள் என்ற எண்ணம் உள்ளவரை இந்தச் சாவுகளுக்கு விதி என்றே பெயரிருக்கும். தன் வாயில் போடும் பொருள் இன்னதென்று கேட்கும் உரிமைகூட இல்லாதவனுக்குச் சுயமரியாதை ஏது?