பட்டம் வாங்கிய பிறகு 18 மாதம்

பிரிட்டனில் பட்டம் முடிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட 2 ஆண்டு விசா உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் பழையபடி 3 ஆண்டு. 2026 டிசம்பர் 31க்குள் விண்ணப்பித்துவிட்டால் 2 ஆண்டு கிடைக்கும். ஆனால் படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் அந்நாட்டு உள்துறைக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

இந்த விசா, மாணவர்களை இழுக்கும் தூண்டில். 2012இல் எடுத்தார்கள், நம் நாட்டிலிருந்து போவோர் குறைந்தார்கள். 2021 ஜூலையில் திரும்பக் கொடுத்தார்கள், கூட்டம் சேர்ந்தது. இப்போது குடியேறுவோர் அதிகம் என்று சொல்லிச் சுருக்குகிறார்கள்.

ஆறு மாதம் குறைவது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்காது. சித்தப்பா லண்டனில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தங்க இடமும், யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரமும் விமானம் ஏறும் முன்பே கிடைத்துவிடும். காலனியிலிருந்து முதல் ஆளாகப் போகிறவர் அதையெல்லாம் தானே தேட வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்ட் கணக்கில் மொத்தமாகக் கட்ட வேண்டும். 18 மாதத்துக்கு நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! அதற்குப் பிறகும் தங்க, உரிமம் பெற்ற நிறுவனம் வேலை தர வேண்டும்; புதிதாக வேலைக்கு வருபவருக்கே ஆண்டுச் சம்பளம் பொதுவாக 33,400 பவுண்டாவது இருக்க வேண்டும்.

சாதி அங்கே இல்லை என்று நம்ப வேண்டாம். சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. 2018இல் அரசு கைவிட்டது. வேலை தரும் இடத்தில் நம் ஊர்க்காரரே "எந்தத் தெரு?" என்று கேட்டால் எங்கே முறையிடுவது?

வெளிநாட்டுப் பட்டத்தோடு 1917இல் பரோடாவுக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்கு அரசுப் பதவி இருந்தது, குடியிருக்க அறை கிடைக்கவில்லை. அவர் பெயரில் தமிழ்நாடு அரசு வெளிநாட்டு உயர்கல்விக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது படிப்புக்கான பணம். வேலை தேடும் முதல் ஆறு மாதச் செலவையும், விசாக் கட்டணத்தையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம். ஏற்கெனவே போய் வேலையில் இருப்பவர்களின் பட்டியலைத் தயாரித்து, புதிதாகப் போகிறவர்களோடு ஆதிதிராவிடர் நலத்துறை இணைத்துவிடலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

போகும் பிள்ளைகளுக்கு ஒன்று: பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முதல் மாதமே போங்கள். நீங்கள் கட்டும் கட்டணத்தில் அதுவும் அடக்கம்.